மண் இறுகும்வரை பொறு

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். ஒக்டோபர் பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் ரோசாச் செடிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவிட்டாய். இந்த அவசரம் உன் அம்மாவிடமிருந்து வந்தது. முதலில் அதை அவிழ்த்து விடு. பகல் வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் சூடேறி, அடங்க வேண்டிய செடி துளிர்க்கத் தொடங்கும். அந்தத் துளிரை இரவுக் குளிர் கருக்கிவிடும்.

கனடாக் குளிரில் செடியை மூடுவது சூடு கொடுக்க அல்ல, பிள்ளை. உறைந்த மண் உறைந்தபடியே கிடக்க வேண்டும், அதற்குத்தான். நடுக்குளிரில் திடீரென்று இரண்டு நாள் வெயில் எறிக்கும், மேல்மண் இளகும், மூன்றாம் நாள் மறுபடி உறையும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மண் பொங்கி வேரை மேலே தள்ளிவிடும். வேர் அறுந்து, காற்றுப்பட்டுக் காய்ந்துபோகும். ஆகவே மண் மேலாக இறுகத் தொடங்கும்வரை பொறுத்திரு. ஒட்டாவாவில் அது அநேகமாக நவம்பர் நடுப்பகுதி. அப்போது ஒவ்வொரு ரோசாவின் அடியிலும் 8 முதல் 12 அங்குல உயரத்துக்கு மண் அணைத்துவிடு. அந்தச் செடியடியிலேயே மண்ணை வறுகாதே, வேர் வெளியே வந்துவிடும். வேறிடத்து மண்ணாகப் பார்த்து இப்போதே ஒரு வாளியில் அள்ளி, கராஜில் வைத்துக்கொள். பிறகு மண்வெட்டி இறங்காது. கொப்பு வெட்டுவது வசந்தகால வேலை.

மேப்பிள் சருகையெல்லாம் பையில் கட்டித் தெருவில் வைத்துவிட்டாயாமே! ஊரில் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கக் குழையை வண்டி வண்டியாக விலைக்கு வாங்கினோம். இங்கே வாசலில் சும்மா கொட்டுகிறது. மிச்சமிருப்பதன்மேல் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டி நொறுக்கிப் பாத்தியில் பரப்பு. முழு இலையாகப் போட்டால் நனைந்து பாய்போல ஒட்டிக்கொள்ளும்.

உள்ளி நட இதுதான் தருணம். பல்லைப் பிரித்து, கூரான பக்கம் மேலே இருக்க, 2 அங்குல ஆழத்தில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்று. குளிர் பட்டால்தான் அது பல் வைக்கும். ஆடியில் கிண்டலாம். டியூலிப்புக்குப் பேர்போன ஊரில் இருக்கிறாய், அதையும் நடுவாய் என்று தெரியும். மேலே கோழிவலை விரித்துவிடு, இல்லாவிட்டால் அணிலுக்குத்தான் விருந்து.

கறிவேப்பிலை இன்னும் வெளியே நிற்பதைப் படத்தில் கண்டேன். இன்றைக்கே உள்ளே எடு. இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, தெற்குப் பார்த்த யன்னலோரம் வை. தண்ணீரைக் குறை. இலை கொட்டும், பயப்படாதே.

வெளிக்குழாய்க்கு உள்ளே ஒரு வால்வு இருக்கும். அதை அடைத்து, ஹோஸைக் கழற்றி, வெளியே திறந்துவிட்டுத் தண்ணீரை வடியவிடு. ஆனால் வேலியோரச் சீடர் மரங்களுக்கு அதற்கு முன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

மருமகன் வாசலில் உப்புப் போட்டால், அந்தப் பனியை ரோசாப் பாத்திப் பக்கம் வாரி எறிய வேண்டாம் என்று சொல். உப்புப் படாத பனியை எவ்வளவும் கொட்டலாம், செடிக்கு நல்லது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா
ஸ்காபரோ