டவுட்டன் மேசையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

சனிக்கிழமை நம் டவுட்டன் ஆட்டம் நடந்துவிட்டது, 1461-இல் இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் பக்கத்தார் மோதிய போரைச் சின்ன உலோக வீரர்களை வைத்து மேசையில் ஆடும் ஆட்டம். நடக்கும் என்று நான் நம்பவில்லை, நீங்கள்தான் நம்பினீர்கள். அந்த இரவு என் வீட்டில் தண்ணீரால் இந்தப் படைகளுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும், படங்களையும் பார்த்தீர்கள். அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. உலோக வீரர்கள் தண்ணீரைத் தாங்கிவிட்டார்கள். அவர்கள் நிற்கும் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) அடித்தட்டுகள்தான் ஊறி உப்பிவிட்டன. காகிதக் கொடிகள் எல்லாம் கூழாகிவிட்டன.

உப்பிய தட்டுகளைச் சுரண்டி எடுத்து, 28 மில்லிமீட்டர் வில்லாளிகளை ஒவ்வொருவராகப் புதுத் தட்டில் ஒட்டித் தந்த தம்பிமாருக்கு நன்றி. வளைந்த ஈட்டிகளை வெட்டிவிட்டு எஃகுக் கம்பி வைத்தவருக்கும், லங்காஸ்டர் பக்கத்துப் பிரபு பெர்சியின் படைக்குத் தன் சொந்தப் படையையே பெட்டியோடு தூக்கிக் கொடுத்தவருக்கும் நன்றி. மேசைப் பலகைகளை வேனில் ஏற்றி வந்தவர்கள், சோறு கட்டிக் கொண்டுவந்த அக்காமார், மேசையில் பனி காட்டச் சமையல் சோடாவைப் போடாதே, நாளாக ஆக மஞ்சளாகிவிடும் என்று நேரத்துக்குச் சொன்னவர், எல்லாரையும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி மாமாவைப் பற்றி.

அவர் நம் ஆட்டக்காரர் இல்லை. நண்பனின் மாமனார், யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்து வளர்ந்தவர், லண்டனுக்கு வந்து பல காலம் ஆகிறது. கொடிகள் போனதை மருமகன் சொல்லக் கேட்டு, "கடுதாசிக் கொடிதானே, நான் செய்து தாறன்" என்றாராம். நான் போனில் பேசியபோது எந்தப் பிரபு, என்ன சின்னம் என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"அண்டைக்குக் காத்து எங்கயிருந்து அடிச்சது, தம்பி?"

1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. யார்க்‌ஷயரில் பனிப்புயல். தெற்கே நின்ற யார்க் படையின் முதுகில் அடித்த காற்று, வடக்கே நின்ற லங்காஸ்டர் படையின் முகத்தில் பனியை வாரிக் கொட்டியது. யார்க் பக்கத்து ஃபாக்கன்பர்க் பிரபு தன் வில்லாளிகளை ஒரு முறை எய்துவிட்டுப் பின்வாங்கச் சொன்னார் என்று 16-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் எழுதியிருக்கிறார். எதிரில் நின்றவர்களுக்குப் பனியில் தூரம் தெரியவில்லை. காற்றை எதிர்த்து அவர்கள் எய்த அம்புகள் வழியிலேயே விழுந்தன. அவை தீர்ந்ததும் யார்க் படையினர் முன்னேறி, தரையில் கிடந்த அதே அம்புகளைப் பொறுக்கித் திருப்பி எய்தார்கள். டவுட்டனில் அன்று காலை காற்று செய்த வேலையை எந்தத் தளபதியும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் சொன்னேன். "அப்ப சோளகம். எல்லாக் கொடியும் வடக்குப் பக்கமாத்தான் பறக்கோணும்" என்றார். தெற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அவர் ஊரில் சோளகம் என்று பெயர்.

நம் மேசைகளில் கொடி எப்போதும் அழகுக்காக நெளியும், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். மாமா அப்படி விடவில்லை. எந்தக் கொடிக்காரன் எந்தப் பக்கம் பார்த்து நிற்பான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காகிதத்தைக் கம்பியில் சுற்றி ஒட்டி, பசை ஈரம் காயுமுன் பென்சிலில் உருட்டி நெளிவு வைத்தார். வெள்ளை தெரியாதபடி ஓரத்துக்கெல்லாம் சாயம் பூசினார். ஃபாக்கன்பர்க்கின் சின்னம் ஒரு தூண்டில் முள். அதைச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. நான் அனுப்பிய படத்தை ஒதுக்கிவிட்டு, தான் அறிந்த முள்ளையே வரைந்திருக்கிறார், கொளுவும் நுனியுமாக. இந்தச் சின்னஞ்சிறு கொடியில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

மேசையில் வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. யார்க் கொடிகள் எல்லாம் எதிரியை நோக்கி முன்னால் பாய்கின்றன. லங்காஸ்டர் கொடிகள் தங்கள் ஆட்களின் தலைக்கு மேலேயே பின்னால் அடித்து விழுகின்றன. முதல் சுற்றுகளில் லங்காஸ்டர் வில்லுக்கு எட்டும் தூரம் குறைவு என்ற விதியை நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதன்முறையாக வந்திருந்த ஒரு பையன் மேசையைப் பார்த்த உடனேயே, "இவர்களுக்குக் காற்று எதிர், இல்லையா?" என்றான். பிற்பகலில் யார்க் பக்கத்துக்குத் துணையாக நார்ஃபோக் பிரபுவின் படை வெள்ளைச் சிங்கக் கொடியோடு கிழக்கு ஓரத்தில் வந்து சேர்ந்தபோது, அந்தக் கொடியும் வடக்கே பார்த்துத்தான் பறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த உருவங்களை நாம் நிறம் தீட்டி வரிசையில் நிறுத்துகிறோம், பகடை உருட்டுகிறோம். 1996-இல் டவுட்டனில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரே குழியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன, மண்டை ஓடுகளில் வெட்டு மேல் வெட்டு. அவர்களும் அந்தக் காற்றில் நின்றவர்கள்தான். இனி நான் எந்தப் போரை மேசைக்குக் கொண்டுவந்தாலும், அன்றைய காற்றையும் வெயிலையும் சேற்றையும் தேடிப் படிக்காமல் ஒரு தட்டுக்குக்கூடப் பசை வைக்க மாட்டேன். இது உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லும் சொல்.

மாமா, அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு டவுட்டன் போகிறோம். கார் நான் கொண்டுவருகிறேன். தெற்கு மேட்டில் உங்களை நிறுத்திக் காட்ட வேண்டும். அங்கே மார்ச்சிலும் குளிர் விடாது, தடித்த கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.