செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கை நீண்டுவிட்டது என்றும், அதில் பாதி நாற்காலி வாடகையும் வடைச் செலவும்தான் என்றும் புகார் வந்தது. இம்முறை செலவு முழுவதும் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. தணிக்கையாளர் இருவரும் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். மாதாந்திர நடைகள் பன்னிரண்டில் பத்து நடந்தன. மற்ற இரண்டையும் மழை கொண்டுபோயிற்று. அவற்றில் ஒன்றில் பதினொரு பேர் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்று, தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள். அதையும் கணக்கில் சேர்க்கலாமே என்றார் ஒருவர். சேர்க்கவில்லை.

இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்கியது கழிவுநீர். சிங்கப்பூரில் மரம், பறவை, பட்டாம்பூச்சி என்று தொடங்கிய நம் சங்கத்துக்கு இது எப்படி வந்தது என்று புதிய உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பேரப்பிள்ளை பிறந்ததை ஒட்டி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் மகள் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டு வந்தார். குழந்தையின் படங்களோடு, வேலிகளில் கட்டியிருந்த எதிர்ப்புப் பலகைகளின் படங்களையும் கொண்டுவந்தார். குழந்தையை ஐந்து நிமிடம் பார்த்தோம். பலகைகளைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசினோம்.

கேம்பிரிட்ஜ் நகரின் வடகோடியில், கௌலி ரோட்டில், ஒரு கழிவுநீர் ஆலை இருக்கிறது. அதை அகற்றினால் அந்த நிலத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட புதிய பேட்டை எழுப்பலாம் என்பது திட்டம். ஆலையை இடம் மாற்ற, அரசின் வீடமைப்பு உள்கட்டமைப்பு நிதியிலிருந்து 227 மில்லியன் பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஆலையை நடத்தும் ஆங்கிலியன் வாட்டர் நிறுவனம் 2021 ஜனவரியில் புதிய இடத்தை அறிவித்தது. ஹார்னிங்சீ, ஃபென் டிட்டன், ஸ்டோ கம் குவை ஆகிய கிராமங்களுக்கு நடுவே இருக்கும் ஹனி ஹில் என்ற விளைநிலம் அது. பெயர் தேன்மேடு, வரப்போவது மலம் என்று நம் கூட்டத்தில் சிரித்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்க முடிந்திருக்காது. அந்த நிலம் பசுமை வளையத்துக்குள் இருக்கிறது. நகரம் கிராமத்தை விழுங்கிவிடாதபடி கட்டுமானத்துக்கு வெளியே வைத்த நிலத்தைத்தான் அங்கே பசுமை வளையம் என்கிறார்கள். பக்கத்தில் குவை ஃபென் என்ற சதுப்பு நிலமும் பாதுகாக்கப்பட்ட இடம்.

நாற்றம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அந்த எதிர்ப்பு இத்தனை ஆண்டு தாங்கியிருக்காது என்பது என் எண்ணம். அவர்கள் கேட்ட கேள்வி வேறு. பழைய ஆலை பழுதாகிவிட்டதா? கொள்ளளவு போதவில்லையா? இரண்டும் இல்லையென்றால் வயலைத் தோண்டுவது எதற்காக? ஆலையைச் சுற்றி மண்கரை எழுப்பி மரம் நட்டு மறைத்துவிடுவோம் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். மறைக்க வேண்டிய ஒன்றை வெட்டவெளிக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று நம் தலைவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

செயற்குழுவில் இது சுமுகமாகப் போகவில்லை. “இங்கிலாந்துக்காரன் சாக்கடையில் நமக்கென்ன வேலை?” என்று ஒரு உறுப்பினர் எழுந்தார். இன்னொருவர், எல்லா ஊரும் ‘எங்கள் கொல்லையில் வேண்டாம்’ என்றால் கழிவு எங்கேதான் போகும் என்று கேட்டார். வீடு இல்லாதவர்களுக்கு வீடு கட்டுவதைத் தடுப்பதற்குப் பசுமை என்று பெயர் சூட்டுகிறார்களோ என்றும் அவர் சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற நாம் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நாமும் ஆலைகளை இடம் மாற்றிய நாடுதான். முன்பு கிம் சுவான், பிடோக், சிலேத்தார் என்று ஊருக்குள்ளேயே கழிவுநீர் ஆலைகள் இருந்தன. கழிவுநீரைக் கொண்டுபோகும் ஆழ்சுரங்கக் கட்டமைப்பின் முதற்கட்டம் 2008இல் முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர். சரிவாகத் தோண்டிய சுரங்கம் என்பதால் கழிவுநீர் தானாகவே வழிந்து போகிறது, இடையில் பம்பு நிலையங்கள் தேவையில்லை. அந்த மூன்று ஆலைகளும் மூடப்பட்டன. இரண்டாம் கட்டம் துவாஸை நோக்கிப் போகிறது. அது முடிந்ததும் உலு பாண்டான், ஜூரோங் ஆலைகளும் மூடப்படும். கழிவுநீர்க் கட்டமைப்புக்குத் தேவைப்படும் நிலம் 300 ஹெக்டரிலிருந்து 150 ஆகக் குறையும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கணக்கு. நல்ல காரியம், சந்தேகமில்லை. துவாஸ் தொழிற்பேட்டை, அங்கே வேலியில் பலகை கட்டுவதற்குக் குடியிருப்புப் பேட்டை ஏதும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் மே மாத நடையை லோரோங் ஹாலுஸுக்கு வைத்தோம். பதினேழு பேர் வந்தார்கள். பொங்கோல் பக்கமிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்தோம். இப்போது அங்கே நாணல் வளர்ந்த குளங்களும் நீர்க்கோழிகளும் இருக்கின்றன. அந்த நாணல் அழகுக்காக வைத்ததல்ல. 1999 வரை அங்கே குப்பை கொட்டினார்கள். புதைந்த குப்பையிலிருந்து கசியும் நீரை அந்தச் செடிகளின் படுகைகள் வடித்துத் தூய்மைப்படுத்துகின்றன. தீவின் கடைசி மலவாளி நிலையமும் அங்கேதான் இருந்தது. 1987 ஜனவரியோடு அது நின்றது.

பாலத்தைத் தாண்டியதும் நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், அந்தக் காலத்துக் கம்பத்து (கிராமத்து) வீட்டுக் கழிப்பறையைப் பற்றிச் சொன்னார். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு தகரக் கதவு. விடியுமுன் ஒருவர் வந்து அதைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு காலி வாளியை உள்ளே தள்ளுவார். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கதவுகள் வரிசையாக வைத்த லாரி ஒன்று தெருமுனையில் நிற்கும். “உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கதவு திறந்தால் காற்று சில்லென்று அடிக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தோம். “அவர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, கையை மட்டும் பார்த்திருக்கிறேன்” என்றும் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் எல்லாரும் பேசாமலே நடந்தோம்.

ஜூன் 25 அன்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நம்மில் பலர் கிளமெண்டி வட்டாரத்தில் இருப்பவர்கள். உலு பாண்டான் ஆற்றோர நடைபாதையில் தினமும் நடப்பவர்கள். ஆலை மூடப்பட்டபின் நிலத்தை எதற்குப் பயன்படுத்தினாலும், ஆற்றோர மரங்களை விட்டுவைத்துக் கட்டுங்கள் என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். வீடு கட்டாதீர்கள் என்று எழுதவில்லை. முதல் வரைவில் அப்படி ஒரு வரி இருந்தது, செயற்குழு அதை அடித்தது. ஹனி ஹில்லில் நாம் கற்றதை அந்த ஓர் அடித்தலில் காட்டியதாக நினைக்கிறேன். கடிதத்தின் படியை இன்னோர் அலுவலகத்துக்கும் அனுப்பினோம். ‘உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று மறுநாளே கணினி பதில் போட்டது. மனிதர் எழுதிய பதில் ஆண்டு முடியும்வரை வரவில்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் பழைய கோப்பு எண்ணைக் கேட்டுவிட்டுப் புதிய கோப்பு எண் கொடுத்தார்கள்.

மனம் தளர்ந்த உறுப்பினர்களுக்கு, 1992இல் லோவர் பியர்ஸ் காட்டில் கோல்ஃப் திடல் வேண்டாம் என்று கையெழுத்திட்ட 17,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரான நம் முன்னாள் தலைவர் தைரியம் சொன்னார். காடு இன்றும் நிற்கிறது. 2001இல் உபின் தீவின் செக் ஜாவா கரையோரத்தில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கவிருந்த நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டதையும் நினைவூட்டினார். தள்ளிவைத்தார்கள், கைவிட்டதாகச் சொல்லவில்லை என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் திருத்தியது. அதுவும் சரிதான்.

ஹனி ஹில் என்ன ஆயிற்று? 2025 ஏப்ரலில் அமைச்சர் திட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். நம் நண்பரின் மகள் அனுப்பிய குறுஞ்செய்தியைக் கூட்டத்தில் படித்தபோது அறை அமைதியாகிவிட்டது. ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது. செலவு கூடிக்கொண்டே போனதால் அரசு அந்த நிதியையே நிறுத்திவிட்டது. அனுமதி இருக்கிறது, பணம் இல்லை. ஊர்க்காரர்களின் வாதம் வென்றது என்று இங்கே சிலர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. வயலைக் காப்பாற்றியது விலைவாசி. ஆனாலும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பிடிக்காமல் இருந்திருந்தால், விலை ஏறுவதற்கு முன்பே மண்ணைத் தோண்டியிருப்பார்கள்.

இனி சில்லறை விஷயங்கள். சமூக மன்ற அறை அக்டோபரில் இரண்டு பேருக்குப் பதிவாகியிருந்ததால் தீபாவளி ஒன்றுகூடலை வீவக கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடத்தினோம். அங்கேதான் அதிகக் கூட்டம் வந்தது. சங்கத்தின் தொலைநோக்கி இரண்டில் ஒன்று யாரிடமோ இருக்கிறது, தயவுசெய்து திருப்பித் தாருங்கள். நான் தொடர்ந்து நான்கு ஆண்டு இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன். இளையவர் ஒருவர் முன்வந்தால் கடிதக் கோப்பையும் மூன்று கோப்பு எண்களையும் ஒப்படைக்கத் தயார்.