காட்டை விற்கும் முன் தேதியைப் பார்

கண்ணு,

கனடாவுக்கு மனுப் போடுவதற்காக மேக்காலக் காட்டை விற்றுப் பணம் தர முடியுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். அவர் வாய் திறந்து சரி என்று சொல்வதற்குள் இதை எழுதிவிடுகிறேன். விசா சமாச்சாரத்தில் பணம் ரண்டாவது கேள்விதான். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது, எந்த வரிசையில் நீ எங்கே நிற்கிறாய் என்பது முதலில் தெரியணும்.

முதலில் நீ இருக்கிற அமெரிக்காவின் கணக்கு. ஹெச்-1பி வேலை விசா மொத்தம் ஆறு வருஷம், அதில் நாலு ஓடிவிட்டது. ஆறாவது வருஷம் முடிய 365 நாள் இருக்கும்போதே பெர்ம் மனு (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் போடும் முதல் மனு) உள்ளே போயிருந்தால், ஆறுக்கு மேலும் தடங்கல் இல்லாமல் ஒவ்வொரு வருஷமாக நீட்டித் தருவார்கள். அதற்கு அடுத்த மனுவான ஐ-140 அப்ரூவ் ஆகி, கிரீன் கார்டு வரிசையில் தேதி வராமல் காத்திருப்பவர்களுக்கு மூன்று மூன்று வருஷமாகவே கிடைக்கும். ஆக உன் கையில் இருப்பது ஒரே வருஷம் என்று வைத்துக்கொள்.

அந்த ஒரு வருஷத்திலும் பெர்ம்முக்கு முன்னால் செய்ய வேண்டிய சோலி நிறைய. தொழிலாளர் துறையிடம் சம்பள நிர்ணயம் வாங்கவே அரை வருஷம் வரை இழுக்கும். பொறவு ஆள் தேடும் விளம்பரம்: மாநில வேலைவாய்ப்புப் பதிவில் 30 நாள், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ரண்டு, மற்ற வகையில் மூன்று. பதிவு முடிந்த பின் 30 நாள் சும்மா இருக்கணும். 180 நாளைத் தாண்டிய விளம்பரம் செல்லாது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கணும். கம்பெனி கடைசி ஆறு மாதத்தில் அதே வேலையில் இருந்தவர்களை நிறுத்தியிருந்தால், அவர்களுக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் பொருந்துவார்களா என்று பார்த்த பிறகுதான் உனக்குப் போட முடியும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பல கம்பெனிகள் பெர்ம்மைக் கிடப்பில் போடுகின்றன. "அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம்" என்று ஹெச்ஆர் வாயில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே. சம்பள நிர்ணயத்துக்கு எந்தத் தேதியில் மனுப் போடுகிறார்கள் என்று மெயிலில் கேள். தேதி சொல்லாத கம்பெனியை விட்டு இப்போதே மாறுவதுதான் லாபம். ஐந்தாவது வருஷத்தின் பாதியில் மாறினால் புதுக் கம்பெனிக்கும் நேரம் போதாமல் போகலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நீ ஊருக்கு வந்து இருந்த முழு நாட்கள் அந்த ஆறு வருஷத்தில் சேராது. அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். அதற்கு பாஸ்போர்ட் முத்திரை, ஐ-94 பயண வரலாறு, போர்டிங் பாஸ் எல்லாம் வேணும். நோம்பிக்கும் காது குத்துக்கும் வந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வக்கீலிடம் கொடு.

செலவு யார் தலையில் என்பதிலும் ஏமாந்துவிடாதே. பெர்ம்முக்கான வக்கீல் செலவு, விளம்பரச் செலவு இரண்டையும் கம்பெனிதான் கட்டணும், உன்னிடம் வாங்குவது சட்டப்படி தப்பு. 2007-லிருந்து அப்படி. "பாதி நீ, பாதி நாங்கள்" என்று சொல்லும் கன்சல்டன்சிக்காரனிடம் நிற்காதே. 2024 ஏப்ரலில் வைத்த கட்டணப்படி ஐ-140-க்கு 715 டாலர், பெரிய கம்பெனி என்றால் அதன் மேல் இன்னொரு 600. 15 வேலை நாளில் முடிவு வேணும் என்றால் பிரீமியத்துக்கு மூவாயிரம் டாலர் சுற்றி. இந்தப் பிரீமியம் காசு தண்டம் இல்லை. ஐ-140 அப்ரூவ் ஆனால் மூன்று வருஷ நீட்டிப்பு கிடைக்கும், மருமகள் அம்மிணிக்கும், துணை விசாவான ஹெச்-4-ல், வேலை அனுமதிக்கு மனுப் போடலாம். அப்ரூவ் ஆன பின், கம்பெனி மனுவைத் திரும்ப வாங்கினாலும் உன் வரிசைத் தேதி (பெர்ம் போட்ட நாள்) உன்னோடவே வரும். புதுக் கம்பெனி பெர்ம்மும் ஐ-140-ம் மறுபடி போடணும், ஆனால் பழைய தேதியில்.

அம்மிணியின் வேலை அனுமதி வந்ததும் ஒன்றைக் குறித்து வை. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்கப் போட்ட மனுக்களுக்கு, பழைய அட்டை தானாக நீளும் சலுகை கிடையாது. முடிவதற்கு 180 நாள் இருக்கும்போதே போட்டுவிடணும். இல்லாவிட்டால் நடுவில் வேலையை நிறுத்த வேண்டி வரும்.

இனி அந்தப் பெரிய வரிசை. வருஷத்துக்கு வேலை வழி கிரீன் கார்டு சுமாராக 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். உயர்படிப்புக்காரர்களுக்கான இபி-2 பிரிவின் பங்கு 28.6 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் இந்தியாவுக்கு அந்தப் பிரிவில் நிச்சயமானது 2,800 சொச்சம், அதுவும் பெண்டாட்டி பிள்ளைகளைச் சேர்த்து. மற்ற நாட்டவர் எடுக்காமல் மிஞ்சுவது வந்தால்தான் எச்சு. எந்தத் தேதிக்காரருக்கு முறை வந்தது என்று மாதாமாதம் வரும் விசா புல்லட்டினில், 2025 டிசம்பரில் இந்தியாவுக்கு இபி-2, அதற்கடுத்த பிரிவான இபி-3 இரண்டுமே 2013-ஆம் வருஷத்துத் தேதியில்தான் நின்றன. அதைப் பார்த்துப் "பன்னிரண்டு வருஷம் பொறுத்தால் ஆச்சு" என்று கணக்குப் போடாதே. உனக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொரு வருஷக் கூட்டமும் அந்த வருஷப் பங்கை விடப் பல மடங்கு பெரிசு.

கனடா சிட்டிசன் ஆகிவிட்டு அந்த வரிசையில் முன்னால் போகலாம் என்று உன் கூட்டாளி சொன்னானாமே, அது நடக்காது. கணக்கில் வருவது பிறந்த நாடு. எந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் நீ ஈரோட்டில் பிறந்தவன்தான். பெண்டாட்டி வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவள் பக்கத்து வரிசையில் சேரலாம், அம்மிணி பிறந்தது பெருந்துறை.

எனக்கு உன்னை விடப் பேத்தியின் கணக்குத்தான் உறுத்துகிறது. 2021-ல் இங்கே பிறந்த குழந்தை. 21 வயது நிறைந்தால் உன் மனுவிலிருந்து வெளியே போய்விடுவாள். ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களை மட்டும் வயதில் கழிப்பார்கள், பிரீமியத்தில் போட்டால் அது சில வாரம்தான். உனக்கு 2026, 27-ல் தேதி விழுந்தால் 2042-க்குள் அது வருமா? வராது என்று வைத்துத்தான் ரோசனை பண்ணணும். கனடாவைப் பற்றி நீ நினைப்பதில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

அப்படியென்றால் கனடாவை ஒழுங்காகப் பார்ப்போம். புள்ளி பார்த்துக் குடியேற அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 2024 ஏப்ரல் 30-ல் வைத்த கட்டணப்படி ஆளுக்கு 1,525 கனடா டாலர் (மனு 950, பிஆர் என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமை 575), குழந்தைக்கு 260, கைரேகை குடும்பத்துக்கு 170. மூணு பேருக்கும் சேர்த்து 3,480. இதற்கா காடு? காட்டு விலை உனக்குத் தோன்றியது கையிருப்புக் காட்டச் சொல்கிறார்களே, அதனால். 2025 ஜூலைக் கணக்கில் மூணு பேருக்கு 23,360 கனடா டாலர். அந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொள்வதில்லை, உன் கணக்கில் இருந்தால் போதும். ஆனால் கடைசி ஆறு மாத சராசரி இருப்பை பேங்க் கடிதத்தில் எழுதித் தரணும், உனக்குள்ள கடனும் அதில் வரும். கடன் வாங்கி வைத்த பணம் செல்லாது. பத்திரத்தை அடமானம் வைத்தாலும், சொசைட்டியில் நகையை வைத்தாலும் அது கடன்தான். காட்டின் மதிப்பை மட்டும் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள். திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மஞ்சள் விற்ற பணம் என்றால் மண்டி பில்லும், எங்கள் பேங்க் வரவும், தானமாகக் கொடுத்த கடிதமும் மூன்றும் ஒரே தொகையைச் சொல்லணும். கடைசி நேரத்தில் காடு விற்ற ரொக்கத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் நல்ல மனுவும் கெட்டுப்போகும்.

நாங்கள் அனுப்புவதாக இருந்தாலும் வரி பார்க்கணும். ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு இப்படி அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம், அதுவரை பணம் முடங்கும். பேன் கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. அப்பா கணக்கிலிருந்து ஒரு பங்கு, என் கணக்கிலிருந்து ஒரு பங்கு, அவரவர் சொந்தப் பணம் என்றால் தப்பில்லை.

ஆனால் கனடாவில் உன்னைத் தடுப்பது பணம் இல்லை, மார்க். அழைப்புக்கு ஆட்களை வரிசைப்படுத்தும் சிஆர்எஸ் புள்ளியில் வயதுக்கு, பெண்டாட்டியோடு போடுபவருக்கு 29 வரை 100. 32-க்கு 85, 33-க்கு 80, 35-க்கு 70. பிறந்தநாள் கொண்டாடும்போதெல்லாம் ஐந்து போகும். வேலை உத்தரவுக்குத் தந்த புள்ளியை 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள். எல்லோருக்குமான பொது அழைப்பு 2024 ஏப்ரலுக்குப் பின் 2025 முழுக்க வரவில்லை. அங்கேயே வேலை செய்தவர்களுக்கான அழைப்பும் அந்த 2025-ல் 510-க்குக் கீழே இறங்கவில்லை. வெளியே இருந்து போடும் ஐடிக்காரனுக்கு மூன்று கதவுதான்: பிரெஞ்சு, மாகாண நாமினேஷன், இல்லாவிட்டால் உன் தொழில் ஏதாவது வகைப் பட்டியலில் வருவது. மாகாணம் கொடுத்தால் 600 புள்ளி. பிரெஞ்சில் நான்கு திறனிலும் ஏழாம் நிலை வாங்கியவர்களை 2025 மார்ச்சில் 379 புள்ளிக்கே கூப்பிட்டார்கள். அதற்கு ஒன்றரை வருஷம் முட்டிப் படிக்கணும். உன்னால் முடியும், காட்டை விற்பதை விட அது மலிவு.

ஆங்கிலத்தை லேசாக நினைக்காதே. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எல்லாவற்றிலும் 7 வந்தால் போதும் என்று போய் உட்கார்ந்து கேட்டல் பகுதியில் தவறியவர்கள் அனேகம். கனடாவின் மொழிக் கணக்கில் ஒன்பதாம் நிலைக்குக் கேட்டலில் மட்டும் 8 வேணும், மற்ற மூன்றிலும் 7. அந்த ஒன்றில் தவறினால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துத் தரும் புள்ளி 100-லிருந்து 50-க்கு இறங்கிவிடும்.

செல்லுபடியை ஒன்றோடொன்று கோர்த்துப் பார். ஆங்கிலத் தேர்வு இரண்டு வருஷம், படிப்பு மதிப்பீடு ஐந்து வருஷம், ப்ரொஃபைல் பன்னிரண்டு மாதம். அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லாம் ஏற்றணும். 2025 ஆகஸ்ட் 21 முதல் மெடிக்கலையும் மனுவுக்கு முன்னாலேயே முடித்திருக்கணும். இந்த 60 நாளில் பலரைக் கவிழ்ப்பது அனுபவக் கடிதம். கோயமுத்தூரில் நீ பார்த்த முதல் கம்பெனி கொடுத்த ரிலீவிங் ஆர்டரில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும்தான் இருக்கிறது. பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம் இவையெல்லாம் லெட்டர்ஹெட்டில் வேணும். உன் பழைய மேனேஜர் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடு. ஆள் மாறினால் ஹெச்ஆர் ஒரே ஃபார்மட்டைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பும்.

கனடா போய் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் இப்போதே விடு. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்குப் போடும் புது ஹெச்-1பி மனுவுக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்டணும் என்று உத்தரவு. உள்ளே இருந்தபடி நீட்டிப்பதற்கும் கம்பெனி மாறுவதற்கும் அது இல்லை. அந்த உத்தரவு பன்னிரண்டு மாதத்துக்கு என்று போட்டது, நீட்டவும் செய்யலாம். அது இருக்கும்வரை வெளியே போன ஆளைத் திரும்பக் கூப்பிட எந்தக் கம்பெனியும் வராது.

இதே காரணத்தால்தான் சித்தி மகள் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்கிறேன். பாஸ்போர்ட்டில் உன் ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது. 2025 டிசம்பர் பாதிக்கு மேல் இருந்த விசா சந்திப்புகள் பலவற்றைச் சமூக ஊடகச் சோதனை என்று சொல்லி மார்ச்சுக்கும் அதற்கப்பாலும் தள்ளினார்கள். வந்து மாட்டிக்கொண்டவர்கள் லேப்டாப்போடு மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒறம்பரை கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

லண்டன், ஜெர்மனி என்று அம்மிணி கேட்டாளாம். லண்டனில் ஆஸ்பத்திரிச் சர்சார்ஜ் பெரியவர்களுக்கு வருஷம் 1,035 பவுன், குழந்தைக்கு 776. ஐந்து வருஷ விசா என்றால் மூணு பேருக்கும் 14,230 பவுன், மனுப் போடும் அன்றே கட்டணும். அதோடு நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்து வருஷம் என்பதைப் பத்தாக்கும் பேச்சும் 2025-ல் அங்கே கிளம்பியது. ஜெர்மனியில் புளூ கார்டு என்கிற படித்தவர்களுக்கான வேலை அனுமதி, அதோடு பி1 என்கிற நடுநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரம், ஏ1 என்கிற ஆரம்ப நிலை மட்டும் என்றால் 27 மாதம். மூன்றையும் வைத்துப் பார்த்தால் பேத்தியின் வயதுக்கு எனக்குப் பிடித்தது ஜெர்மனிதான், பிரெஞ்சுக்குப் படும் பாட்டை ஜெர்மனுக்குப் பட்டால் ஆச்சு. ஆனால் முதலில் பெர்ம்.

இங்கே நாங்கள் செய்ய வேண்டியது இருக்கிறது. அம்மிணியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது, குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்ததால் இப்படி. கிரீன் கார்டுக்கு இது மட்டும் போதாது. பெயர் சேர்க்க முடிகிறதா என்று பெருந்துறையில் கேட்கிறோம். முடியாவிட்டால் இந்தச் சான்றிதழோடு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், பிறந்ததை நேரில் அறிந்த அவளுடைய அப்புச்சி, பெரியம்மா இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் வைக்கணும். அப்புச்சிக்குக் கண் தெரியும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

உன் டிகிரியில் அப்பா பெயர் இனிஷியலாகவும் பாஸ்போர்ட்டில் முழுசாகவும் இருக்கிறது. ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்கிறோம், மூன்று நகலாக. மருமகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து இந்த வாரமே தாட்டிவிடு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நோட்டரியிடம் போக முடியும்.

அம்மா
கோபிசெட்டிபாளையம்