அம்மா அன்றைக்குக் கோபப்படவில்லை

அம்பாசமுத்திரம்
செவ்வாய், இரவு

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை நீ போன் பண்ணியபோது அம்மா உன்னிடம் எரிந்து விழுந்தாள் என்பது நேற்று உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நீ யாரு, எதுக்குச் சும்மா சும்மா கூப்பிடுதே" என்று கேட்டாளாம். உன்னைப் பெரியம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று நீ அழுததாகவும் சொன்னான். அழாதே தாயி. அது கோபமும் இல்லை, மறதியும் இல்லை. அந்த நேரம் அவள் ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு இறங்கிக் கிடந்தது.

அன்று புரட்டாசிச் சனி. வெள்ளனக் குளித்துவிட்டு, ஏழு மணிக்குச் சுகர் மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறாள். மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதம் முறியாது என்பது அவள் கணக்கு. கிளிமிபிரைடு என்கிற அந்த மாத்திரைக்கு நாம் சாப்பிட்டோமா இல்லையா என்பது தெரியாது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

பதினொன்றரை மணிக்கு நான் கடையிலிருந்து திரும்பி வந்தால், பெருமாளுக்குப் படைக்கிற இலையை நுனி மாற்றிப் போட்டு, சோறே வைக்காமல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இலை போட்ட கை அது. என்ன ஆச்சு என்று கேட்டால் நாக்கு குழறுகிறது. முதுகெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை பக்கவாதம் என்று பயந்து ஆட்டோ பிடிக்க ஓடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பார்ப்பதற்கு அப்படியேதான் இருந்தது. எனக்கு அந்த வேர்வை மட்டும் உறுத்தியது. மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. 54க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பித்துவிடும்.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து அல்வாவைக் கொண்டு ஓடி வந்தார்கள். நம் ஊரில் இனிப்பு என்றால் கை அதற்குத்தானே போகும். ஆனால் அதில் உள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 63. மறுபடியும் அதே அளவு. அடுத்த கால் மணியில் 91 வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "இலையை யாரு இப்படிப் போட்டா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு இட்லி சாப்பிட வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விழுங்குகிற நிலையில் இருந்ததால்தான் வாயில் கொடுத்தேன். நினைவில்லாமல் கிடந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

டாக்டர் சொன்னது உனக்கும் தெரிய வேண்டும். சின்ன வயசுக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். வயசானவர்களுக்கு, அதிலும் பல வருஷமாகச் சுகர் இருப்பவர்களுக்கு, அந்த எச்சரிக்கை மங்கிப்போய்விடுமாம். நேரே பேச்சு மாறும், நடை தள்ளாடும், எரிச்சல் வரும், உறக்கம் சொக்கும். அம்மா பிரஷருக்குச் சாப்பிடுகிற அட்டெனோலால் வேறு படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வையை மட்டும் அது மறைக்காது. சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் சுகர் மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கியிருக்கிறது. ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று அன்று ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அந்த கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார்கள், மெட்ஃபார்மின் என்கிற இன்னொரு சுகர் மாத்திரையை அளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தனியாகச் சாப்பிட்டால் இப்படி இறங்குவது அபூர்வமாம்.

என் மனசு ஆறாதது வேறொன்று. ஆடியில் சாரல் அடித்து வீடே குளிர்ந்து கிடந்த நாட்களிலும், விடியும்போது அவள் தலையணை நனைந்திருக்கும். கெட்ட கனவு என்பாள், எழுந்ததும் தலைவலி என்பாள். சர்க்கரை ராத்திரியில் இறங்குவதற்கு அடையாளம் அதெல்லாம். நான் கண்டுகொள்ளவில்லை. போன மாசம் வெறும் வயிற்றில் 74 என்று வந்தபோது உனக்கே போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? எழுபது வயசில் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை, குறையத்தான் கூடாது என்று இப்போது டாக்டர் சொல்கிறார்.

உன்னால் அங்கிருந்தே ஒன்று செய்ய முடியும். அவள் பேச்சு ஒரு மாதிரி இருந்தால், பேர் மாறினால், காரணமில்லாமல் சிடுசிடுத்தால், போனை வைத்துவிட்டு வருத்தப்படாதே. உடனே என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடு, சீனி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை விரதத்தைப் பற்றி நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொல்லிப் பார். காலையில் சாப்பிட்டுவிட்டும் பெருமாளைக் கும்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேசு, சாப்பிட்டு முடித்திருப்பாள். உன்னைத் திட்டியது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
அப்பா