பழைய சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் பழைய வீட்டை இடிக்கும்போதோ டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போதோ மடக்குச் சவரக்கத்தி ஒன்றிரண்டு வெளியே வருவதுண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பல் ஓடிய கரை இது. கொழும்புக்குப் போய்வந்தவர்களின் பெட்டியில் கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரையோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரையோ உள்ள கத்தி இருந்தால் வியப்பில்லை. அவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன. சில நூறு ரூபாய் கொடுத்து அவற்றை மீட்டு, துடைத்துத் தீட்டிச் சவரம் செய்யும் ஆர்வம் இளைஞர்களிடம் இப்போது தெரிகிறது. நல்லதுதான். ஆனால் அறுபது எழுபது ஆண்டுத் துரு செய்யாத கேட்டை, துருவை எடுக்க உட்காருபவரின் அவசரம் ஒரே மணி நேரத்தில் செய்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வாங்கும்போது முத்திரையைப் பிறகு பாருங்கள், முதலில் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, பாருங்கள். சோலிங்கன் என்ற பெயரைக் காக்க ஜெர்மனியில் 1938-லேயே சட்டம் வந்தது. எஃகு நல்ல எஃகுதான். ஆனாலும் வாயோரம் அரித்துப் போயிருந்தால் எந்த ஊர் எஃகும் உதவாது. அலகின் நடுவிலோ முதுகிலோ உள்ள கறுப்புத் திட்டு அழகைக் கெடுக்குமே தவிர சவரத்தைக் கெடுக்காது. வாயிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் குழிக்குழியாக அரிப்பு இருந்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். கல்லில் தேய்க்கத் தேய்க்கக் குழி வாய்க்கு வந்து சேரும், வாய் பொடிப்பொடியாக உதிரும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும், இதெல்லாம் தெரிந்துவிடும். முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதுகின் இரு பக்கமும் அகலமாகத் தேய்ந்து பளபளத்தால் முன்பு வைத்திருந்தவர் கல்லில் போட்டு அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார் என்று பொருள். வாய் உள்நோக்கி வளைந்திருந்தாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம். அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம் இருந்தால் கைக்கு அடங்கும்.

சாணைச் சக்கரம் பற்றி. தெருவில் சாணை பிடிக்க வருபவர் அரிவாள்மனைக்கும் கத்திரிக்கோலுக்கும் நல்ல வேலைக்காரர். சவரக்கத்தி அவர் சக்கரத்துக்கு உரியதல்ல. இதன் அலகு இரு பக்கமும் குழிவாகக் கடைந்தது, வாயருகே தாள் போல மெலிந்தது. சக்கரத்தில் பட்ட நொடியே சூடேறும். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கார்பன் எஃகின் கடினம் இறங்கத் தொடங்கும். வாயில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பதம் நிற்காது. மோட்டாரில் துணிச் சக்கரம் மாட்டி மெருகேற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. கூடவே கத்தியைப் பிடுங்கி எறியும் ஆபத்தும் உண்டு. கையால் செய்யுங்கள்.

துருவை எடுக்குமுன் வாயின் மேல் எலெக்ட்ரிக் டேப் ஒட்டிவிடுங்கள். கைவெட்டு பெரும்பாலும் சவரத்தில் அல்ல, இந்த வேலையில்தான் நேரும். மண்ணெண்ணெயிலோ தையல் மெஷின் எண்ணெயிலோ அலகை ஓர் இரவு ஊற விட்டு, மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் (ஸ்டீல் வுல்) தேயுங்கள். பிடியில் எண்ணெய் படாமல் அலகு மட்டும் மூழ்கட்டும். சிவப்புத் துரு போனால் போதும். கறுப்பாகப் படிந்திருப்பது எஃகைத் தின்னாது, அதைத் துரத்தினால் எஃகுதான் குறையும். இன்னும் பளபளப்பு வேண்டுவோர் பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை 600, 1000, 2000 என்ற வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்), தக்கைத் துண்டில் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். கடைசியில் பிராசோ என்னும் உலோக மெருகுத் திரவம். அலகில் பொன் எழுத்தோ பொறித்த படமோ இருந்தால் அந்தப் பக்கம் தாளையே கொண்டுபோகாதீர்கள், இரண்டு இழுப்பில் போய்விடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல் இதற்கும் போடுகிறார்கள். வினிகரில் ஊற வைப்பவர்களும் உண்டு. அமிலம் துருவோடு எஃகையும் கடிக்கும், அலகு மங்கிச் சாம்பல் நிறமாகும். வேறு வழியில்லாமல் வினிகரைத் தொட்டால் அரை மணிக்குள் எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கிக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பிடியை அவசியமில்லாமல் கழற்ற வேண்டாம். எருமைக் கொம்புப் பிடியில் வண்டு துளைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செல்லுலாய்டு என்னும் பழைய கால பிளாஸ்டிக் பிடியில்தான் விஷயம் இருக்கிறது. அது வயதாகும்போது உள்ளுக்குள் சிதைந்து அமில ஆவி விடும். பிடி மூடும் இடத்தில் மட்டும் அலகு அப்படியே பிடியின் வடிவில் துருவேறியிருந்தால் காரணம் கடற்காற்று அல்ல, அந்தப் பிடிதான். அதை மாற்றியே ஆக வேண்டும். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பருகே வேலை செய்யாதீர்கள். பிடியையும் அலகையும் கோத்து நிறுத்தும் தறையாணியின் தலையை அரத்தால் ராவி, உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்து, 1/16 அங்குலப் பித்தளைக் கம்பி கோத்து, வாஷரைத் தாண்டி அரை முதல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டுங்கள். சிறு சுத்தியலால் நூறு மெல்லிய தட்டு. பத்து வலுத்த அடியில் முடிக்கப் பார்த்தால் கம்பி உள்ளே வளையும் அல்லது கொம்பு பிளக்கும்.

இனித் தீட்டுவது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கறுப்புக் கல் உளிக்குச் சரி, இதற்கு முரடு. 1000, 4000, 8000 என்று மூன்று கல் வேண்டும், இங்கும் எண் கூடக்கூடக் கல் நைசாகும். 12000 இருந்தால் நல்லது. கத்தியை விடக் கல்லுக்குத்தான் செலவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கல் சமமாக இருக்க வேண்டும்: மேலே பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வாட்டர் பேப்பரில் கோடு முழுதும் அழியும்வரை தேயுங்கள். கத்தியைப் படுக்க வையுங்கள், முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை, முதுகின் பருமனே 15 முதல் 18 டிகிரிக்குள் அதை நிறுத்திவிடும். முதுகைத் தூக்கித் தீட்டுவதுதான் பெருந்தவறு.

வாய் முன்னே போக, பிடிப்பக்க ஓரத்தில் தொடங்கி முனைப்பக்கம் முடியுமாறு குறுக்காக இழுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். வாயோரத்தில் கறுப்பு மார்க்கர் தடவிக்கொண்டால் கல் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பது நான்கு இழுப்பில் தெரிந்துவிடும். 1000 கல்லுக்கு எண்ணிக்கை கிடையாது. வாய் முழுநீளமும் முன்கை மயிரை மழிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். இந்த அடித்தளம் அமையாமல் 8000-க்குத் தாவியவர்கள்தான் “தோல் வாரில் எவ்வளவு தீட்டினாலும் ஏறவில்லை” என்கிறார்கள். அடுத்த இரண்டு கற்களிலும் முப்பது நாற்பது இழுப்பு, கத்தியின் எடை மட்டுமே அழுத்தமாக. வேலை கூடிவரும்போது கல்லின் மேல் உள்ள தண்ணீர் வாய்க்கு முன்னால் சிறு அலையாக ஓடும்.

வாருக்கு இரண்டரை மூன்று அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் மழமழப்பான எருமைத்தோல் போதும். தையல் போட்ட பெல்ட் உதவாது. கல்லுக்கு நேர்மாறாக, இங்கே முதுகு முன்னே போக வேண்டும். வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். கனத்த பருத்தித் துணியில் 20, தோலில் 50. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்.

சவரத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் தண்ணீர். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. நுரை கட்ட ஒரு தம்ளர், கத்தியைக் கழுவ ஒரு தம்ளர் குடிநீர் எடுத்துவையுங்கள். முகத்தை வெந்நீரில் நன்றாக நனைத்து, தோலை மறு கையால் இழுத்துப் பிடித்து, சுமார் 30 டிகிரிச் சாய்வில் முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். முதல் சில வாரம் கன்னங்கள் மட்டும். தாடையும் மூக்கின் கீழும் பழைய ரேசருக்கே இருக்கட்டும். கத்தி பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் அறுக்கும். முடியைப் பிடித்து இழுத்தால் பதம் போதவில்லை அல்லது சாய்வு கூடிவிட்டது. மழித்தபின் படிகாரம் தேய்க்கையில் எங்கே சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முகத்தில் பருக்கள் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

சலூன் நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகாக இருக்கிறதே என்று இதை வாடிக்கையாளர் முகத்தில் வைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே மாற்ற முடியாத வாய் இது. பாதி பிளேடு செருகும் கத்திதான் கடைக்குச் சரி. வீட்டிலும் ஒரு கத்தி ஒருவருக்கே. வாங்கிய பழைய கத்தியைச் சோப்பால் கழுவி 70 விழுக்காடு ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிளீச்சிங் கரைசல் எஃகைக் குழியாக்கும், வெந்நீரில் கொதிக்க வைத்தால் பிடி கோணும்.

கடைசியாக உப்பு. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அலகில் படிந்த உப்புத்தூள் தானே நீரை இழுத்துக் கரையும். நம் கரையில் விடியற்காலை பெரும்பாலும் அப்படித்தான். அதனால் உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வாரில் பத்து முறை இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்கெடுக்கும், நல்லெண்ணெய் பிசுபிசுத்துக் காயும். குளியலறையிலும் தோலுறையிலும் வைக்க வேண்டாம். பலர் அலகைக் காப்பாற்றிவிட்டு மறப்பது பிடிக்குள் மறைந்திருக்கும் தறையாணியை. வாரம் ஒருமுறை அங்கேயும் ஒரு சொட்டு விட்டு, கத்தியை நாலைந்து தடவை திறந்து மூடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சவரக்கத்திகளைப் புதுப்பித்துப் பயன்படுத்தும் வாசகர்கள்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.