வாளையார்ல செக் பண்ணீங்க, ப்ளே ஸ்கூல்ல சோப்பு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை ஆரம்பிச்சதுல இருந்து கோயம்புத்தூர்ல எந்த குழந்தைங்க டாக்டர்கிட்ட போனாலும் வெளிய உக்காந்திருக்குற பிள்ளைங்கள்ல யாராவது ஒண்ணு உள்ளங்கைல செவப்பா கொப்புளத்தோட தான் இருக்கு. எங்க ஏரியா ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அம்மா "என் பையனுக்கு கை கால் வாய் நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு, எல்லாரும் பாத்துக்கோங்க"ன்னு நல்ல மனசோட போட்டாங்க, கொஞ்ச நேரத்துல ஸ்கூல்காரங்களே அதை டெலீட் பண்ணிட்டு "தேவையில்லாம பேனிக் பண்ண வேண்டாம்"னு ஒரு மெசேஜ் போட்டாங்க. அடுத்த வாரம் அந்த கிளாஸ்ல பாதி பிள்ளைங்க லீவு.

2022 மே மாசம் கேரளா கொல்லத்துல குழந்தைங்களுக்கு செவப்பு கொப்புளம் வர்ற தக்காளி காய்ச்சல்னு ஒண்ணு கிளம்புனப்ப நம்ம ஆளுங்க எல்லைல இருக்குற வாளையார் செக்போஸ்ட்ல நின்னு கேரளால இருந்து வர்ற குழந்தைங்களுக்கு காய்ச்சல் இருக்கா கொப்புளம் இருக்கான்னு பாத்தாங்க, ஞாபகம் இருக்கும். கடைசில பாத்தா, கேரளா போயிட்டு பிரிட்டன் திரும்புன ரெண்டு குழந்தைங்களோட சாம்பிள்ல வந்தது காக்சாக்கி ஏ16, ரொம்ப வருஷமா இதே நோயை குடுத்துட்டு இருக்குற வைரஸ்தான். இந்தியாலயே இது 2003ல கோழிக்கோட்டுல ரிப்போர்ட் ஆனது. பார்டர்ல நிறுத்தி பிடிக்குற விஷயமே இல்லைங்க இது, எச்சில்ல சளில கொப்புளத் தண்ணில மலத்துல எல்லாம் பரவுது, அதுலயும் மலத்துல குழந்தை நல்லான பிறகும் சில வாரம் வைரஸ் வந்துட்டே இருக்கும். டயப்பர் மாத்துற ஆயாம்மா கைய சோப்பு போட்டு கழுவுறாங்களா இல்லையாங்குறதுல தான் எல்லாமே இருக்கு.

ஆனா எல்லா ஸ்கூல் வாசல்லயும் இருக்குறது சானிடைசர் பாட்டில். கொரோனாக்கு வாங்குன பழக்கம். இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாது, அதனால ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவா வேலை செய்யாது, சோப்பும் ஓடுற தண்ணியும் தான் வேணும். நான் பாத்த ஒரு ஸ்கூல்ல வாஷ்பேசின் இருக்கு, ஆனா பெரியவங்க உயரத்துல, சோப்பு ஆபீஸ் ரூம் அலமாரில! மூணு வயசு பிள்ளை எப்படி கழுவும்? ஃபீஸ் வாங்குறப்ப ஸ்மார்ட் கிளாஸ் ஏசி எல்லாம் காட்டுறாங்க, ஒரு சின்ன குழாய் வைக்க முடியாதா.

இன்னொரு பக்கம் நம்ம வீடுங்க. கொப்புளம்னு கண்டாலே அம்மை போட்டிருக்குன்னு வேப்பிலை கட்டிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக மாட்டேங்குறாங்க. வேப்பிலை இருந்துட்டு போகட்டும், யாரும் வேண்டாம்னு சொல்லல, ஆனா எந்த நோய்னு பாக்கணும்ல? சின்னம்மைன்னா பெரும்பாலும் நெஞ்சு முதுகுல ஆரம்பிச்சு அரிப்போட பரவும். தட்டம்மைன்னா மொதல்ல காய்ச்சல், இருமல், கண் செவப்பு, அப்புறம் தான் காதுக்கு பின்னாடி இருந்து தடிப்பு கீழ இறங்கும், அது உயிருக்கே ஆபத்தாகலாம், வைட்டமின் ஏ குடுக்கணும், அதுக்கான எம்ஆர் ஊசி 9 மாசம் முடிஞ்சு ஒண்ணு, ஒன்றரை வயசு வாக்குல ஒண்ணு அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீயாவே போடுறாங்க. இந்த கை கால் வாய் நோய்க்கு உள்ளங்கை, உள்ளங்கால், பின்பக்கம், வாய்க்குள்ள புண்ணு. சில பேரு மெடிக்கல்ல சின்னம்மைக்கு குடுக்குற அசைக்ளோவிரை வாங்கி குடுத்துட்டு இருக்காங்க, இந்த வைரஸுக்கு அது கேக்கவே கேக்காது, ஆன்டிபயாட்டிக்கும் வேஸ்ட்.

கொப்புளத்தை விட வாய்ப்புண்ணு தான் கஷ்டம். எங்க வீட்டு குட்டி எச்சிலை கூட முழுங்காம வாய் ஓரமா வழிய விட்டுட்டு உக்காந்திருந்தா, டம்ளரை பாத்தாலே அழுகை. டாக்டர் ஜில்லுனு மோர், இளநி, ஐஸ்கிரீம் கூட குடுங்கன்னு சொன்னாரு, எங்க அத்தைக்கு வந்த கோவத்தை பாக்கணுமே, காய்ச்சக்கார பிள்ளைக்கு ஐஸ்கிரீமான்னு. ஆனா அது தான் உள்ள இறங்குச்சு. தண்ணி இறங்காம உடம்பு வறண்டு போறது தான் இதுல பொதுவா வர்ற சிக்கல். ஒரு மாசம் கழிச்சு விரல் நகம் கழண்டு விழுந்துச்சு, அதுவும் இதோட வேலை தான், புது நகம் தானா முளைச்சிரும்.

பெரும்பாலும் 7லேர்ந்து 10 நாள்ல தானா சரியாயிரும். ஆனா ஆறு ஏழு மணி நேரமா ஒண்ணுக்கு போகலன்னாலோ, காய்ச்சல் மூணு நாளை தாண்டுனாலோ, தூக்கத்துல திடுக் திடுக்னு தூக்கி போட்டாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும். இதே நோயை குடுக்குற என்டரோவைரஸ் 71ங்குற வகை 1998ல தைவான்ல 78 பேரை பலி வாங்கிருக்கு.

லீவு போட முடியாத அம்மா அப்பா காலைல பாராசிட்டமால் குடுத்து காய்ச்சலை அமுக்கி அனுப்பிடுறாங்க, அவங்களை மட்டும் திட்டி புண்ணியம் இல்ல, ஒரு வாரம் லீவு எந்த கம்பெனில குடுக்குறாங்க? ஆனா ஒரு பிள்ளைக்கு வந்தா பேரை சொல்லாம மத்த பெத்தவங்களுக்கு அன்னைக்கே மெசேஜ் அனுப்பணும்னு சுகாதாரத்துறை எல்லா ப்ளே ஸ்கூலுக்கும் அங்கன்வாடிக்கும் ஒரு சுற்றறிக்கை விடலாம், பிள்ளைங்க உயரத்துல குழாயும் சோப்பும் இருக்கான்னு வந்து பாக்கலாம். நீங்களும் அடுத்த தடவை இந்த செய்தி போடுறப்ப தக்காளி படத்தை விட்டுட்டு கொப்புளம் வந்த உள்ளங்கை படத்தையும், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு நாலு வரியும் சேத்து போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு எல்கேஜி பிள்ளையோட அம்மா,
கோயம்புத்தூர்