கோபாலனைத் தெரியுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் தெருப் பையன்களுக்கு கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கரும், பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டிய 1.89 மீட்டரும் அத்துப்படி. சேலத்துக்காரனாக எனக்கும் பெருமைதான். ஆனால், போன ஞாயிறு மைதானத்தில் "எம்.ஜே. கோபாலன் யார்?" என்று கேட்டேன். ஒரு பையன், "எந்தக் கட்சி சார்?" என்றான்!

ரஞ்சி கோப்பை கிரிக்கெட்டின் முதல் பந்தை வீசியவர் அவர். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், எதிரணி மைசூர். நம் சென்னை அணியின் ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. கோபாலன் ஹாக்கியிலும் கெட்டிக்காரர். தியான்சந்தோடு நியூசிலாந்து போய் ஆடியவர். 1936இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

1960 ரோம் ஒலிம்பிக் கால்பந்தில் பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தர்ராஜும் நம் தமிழர்தான். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தின் சுற்றுச்சுவர் முழுக்க டியூஷன் விளம்பரம். அதில் நாலடி இடம் ஒதுக்கி இவர்கள் படத்தை வரையலாமே. பெயின்ட் செலவுக்கு என் பங்காக ஆயிரம் ரூபாய் தரத் தயார்.

ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.